கோட்டை விடுங்க, தூரத்தைப் பாருங்க: கோல்ஃபில் பட்டிங் பழக ஒரு வழி

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோல்ஃப் ஸ்கோர் கார்டின் ஓரத்தில் பட் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் பந்தை உருட்டி அடிப்பது) எண்ணிக்கையை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டே ஆடினேன். 18 குழிக்கு 43 வந்தது. ஒரு குழியை இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்கிற பார் கணக்கே குழிக்கு இரண்டு பட் என்று வைத்துப் போட்டதுதான், அதாவது 36. நான் ஒன்பது கிரீனில் மூன்று மூன்று பட் அடித்திருக்கிறேன். தூரம் அடிக்கிற மட்டையான டிரைவரில் இருபது கெஜம் கூட்டுவதற்காக யூடியூபில் இரவெல்லாம் வீடியோ பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான். ஏழு ஸ்ட்ரோக் கிரீனில் கேட்பாரற்றுக் கிடந்தது, அதை ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பதினான்காவது கிரீனில் நான் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, பட் அடிக்கும் மட்டையான பட்டரைத் தொங்கவிட்டு, டிவியில் பார்த்ததையெல்லாம் செய்துவிட்டு அடித்த பட் குழிக்கு ஆறடி முன்னாலேயே நின்றுவிட்டது. கூட வந்த கேடி அண்ணன், முப்பது வருஷமாகப் பை தூக்குகிறவர், மெதுவாகச் சொன்னார்: "சார், கோட்டை விடுங்க, தூரத்தைப் பாருங்க." ஏற்கெனவே ஆட்டத்தைக் கோட்டை விட்டுக்கொண்டிருந்தவனுக்கு அது இரண்டு அர்த்தத்திலும் குத்தியது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதற்குள் பாதிப் பட்டிங் அடங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரையும் அதை ஒட்டியதுதான். (வலதுகைக்காரர் என்று வைத்தே எழுதுகிறேன், இடதுகைக்காரர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.)

முப்பது அடி தூரத்திலிருந்து அடிக்கிறீர்கள். கோடு (பந்து போகும் பாதை) எவ்வளவு தப்பினாலும் இரண்டடி, மிஞ்சினால் மூன்றடி வலதோ இடதோ போகும், அதற்கு மேல் தப்புவது கஷ்டம். தூரம் தப்பினால்? எட்டடி குறையும், பத்தடி தாண்டும், சர்வசாதாரணம். எட்டடி என்பது என்ன தெரியுமா, அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் ஆடுகிற ஆட்களே எட்டடிப் பட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் போடுகிறார்கள். இருபது அடியில் ஏழுக்கு ஒன்று. மூன்றடியில்தான் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். அதனால் நீளப் பட்டில் நம் வேலை குழிக்குள் தள்ளுவது இல்லை, அடுத்த பட்டை மூன்றடிக்குள் கொண்டுவந்து நிறுத்துவது. உள்ளே போனால் சந்தோஷம், அவ்வளவுதான்.

இன்னொன்று, வேகம் முடிவாகாமல் கோடு என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரே இடத்திலிருந்து ஒரே குழிக்கு, வேகமாக அடித்தால் பந்து நேராகப் போகும், மெதுவாக அடித்தால் சரிவில் வளைந்து போகும். இரண்டும் சரியான கோடுதான். கேரம் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விரலைச் சுண்டி ஓங்கி அடித்தால் காய் பாக்கெட்டின் விளிம்பில் பட்டுத் திரும்பி வரும், அதே காய் தளர்ந்து வந்தால் விளிம்பில் பட்டாலும் உள்ளே சரியும். கோல்ஃப் குழியும் அப்படித்தான். அதன் குறுக்களவு 4.25 அங்குலம், பந்து 1.68 அங்குலம். மெதுவாக வரும் பந்துக்கு அந்த 4.25 அங்குலமும் வாசல். பறந்து வரும் பந்துக்கு நட்டநடுப் பகுதி மட்டும்தான் வாசல், ஓரத்தில் பட்டால் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும்.

அப்படியானால் எவ்வளவு வேகம்? குழி அங்கே இல்லாவிட்டால் பந்து குழியைத் தாண்டி ஒரு முழம் போய் நிற்க வேண்டும். முழம் என்றால் ஒன்றரை அடி. பூக்காரம்மா அளக்கிற முழம் வேண்டாம், அது ஆளைப் பார்த்துச் சுருங்கும். அந்த ஒரு முழம் ஏன் என்றால், எட்டாத பட் எந்தக் கோட்டில் போனாலும் விழாது. அதே சமயம் ஒரு முழம் தாண்டி நின்ற பந்தைத் திரும்பி வந்து போடுவது தொல்லை இல்லை. சரிவில் கீழ்நோக்கி அடிக்கும்போது மட்டும் நான் அந்த முழத்தைச் சாணாக்கிக்கொள்வேன்.

சரி, இந்த வேகத்தைக் கைக்கு எப்படிப் பழக்குவது? இங்கேதான் என் ஆட்டம் மாறியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மைதானத்துக்கு இருபது நிமிஷம் முன்னால் போங்கள். பிராக்டிஸ் கிரீனில் சமதளமாக ஓர் இடம் பிடியுங்கள். குழியைப் பார்க்காதீர்கள். பட்டர் தலையைப் பின்னால் வலது கால் பெருவிரல் வரை கொண்டுபோய், முன்னால் இடது கால் பெருவிரலைத் தாண்டுகிற மாதிரி ஓர் அடி. மூன்று பந்துக்கு அதே அடி. மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கூட வேண்டும், கூடாவிட்டால் கூடும் வரை அடியுங்கள். அப்புறம் அங்கே வரை நடந்து தப்படி எண்ணுங்கள். ஒன்பது தப்படி என்றால், இன்றைக்கு இந்த கிரீனில் "பெருவிரல் அடி" என்பது ஒன்பது தப்படி. இதுதான் அன்றைய அளவுகோல். கிரீனில் பன்னிரண்டு தப்படிப் பட் வந்தால் பெருவிரலைத் தாண்டிக் கொஞ்சம் அதிகம், ஆறு தப்படி என்றால் அதற்குக் குறைவு. வெறும் உணர்வில் தடவிக்கொண்டு இருப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஒவ்வொரு நாளும் அளக்க வேண்டும், ஏனென்றால் காலை ஆறரை மணிக்குப் பனி ஈரத்தில் ஒன்பது தப்படி ஓடிய பந்து, பத்து மணி வெயிலில் புல் காய்ந்ததும் பதினொன்று ஓடும். என்னுடைய முதல் மூன்று குழிகளின் மூன்று-பட்கள் எல்லாம் இந்த விஷயம் தெரியாததால் வந்தவை.

இதை நான் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். கிரீனின் வேகத்தை அளக்கவே ஒரு கருவி உண்டு, ஸ்டிம்ப்மீட்டர். 1935இல் ஓக்மான்ட்டில் நடந்த யுஎஸ் ஓப்பன் கோல்ஃபைப் பார்க்கப் போன எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர், கிரீன்கள் இவ்வளவு வழுக்குகின்றனவே, இதை நிரூபிக்க ஒரு வழி வேண்டாமா என்று யோசித்துச் செய்தது. பள்ளம் செதுக்கிய ஒரு நீளக் குச்சி, அதில் பந்தை வைத்து ஒரு முனையைத் தூக்கினால் பந்து உருண்டு இறங்கி எத்தனை அடி ஓடுகிறது என்பதுதான் கிரீனின் வேகம். பெரிய போட்டிகளில் 12, 13 என்று போகும். நாம் ஆடுவது பெரும்பாலும் 8, 9தான். அதனால் டிவியில் அவர்கள் பட்டரை லேசாகத் தொடுவதைப் பார்த்து நாமும் தொட்டால் பந்து பாதி வழியில் படுத்துவிடும். நம் கிரீனுக்கு நம் அடி.

அளந்த பிறகு, மிச்சம் உள்ள நேரத்தில் பாதியை நீளத்துக்குக் கொடுங்கள். இரண்டு பயிற்சி போதும். முதலாவது, கிரீனின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு, புல் உயரமாகத் தொடங்கும் அந்த எல்லையைத் தொட்டு நிற்கிற மாதிரி அடிப்பது. குழி இல்லாததால் மனசு விழுந்ததா விழவில்லையா என்று அலையாது, தூரம் மட்டும்தான். இரண்டாவது, அடிக்கும்போது பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டே அடிப்பது. கேட்டால் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் பந்தை எறியும்போது கையையா பார்க்கிறோம்? போய்ச் சேர வேண்டிய இடத்தைத்தானே பார்க்கிறோம். ஐந்தாறு பந்துக்குள் கை தானாகத் தூரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டத்திலும் அப்படி அடிக்கலாம், தடை இல்லை. எனக்குத் தைரியம் வரவில்லை, ஒத்திகை அடியை மட்டும் குழியைப் பார்த்தபடி அடிக்கிறேன்.

மூன்று பந்தை ஒரே இடத்தில் கொட்டி ஒரே குழிக்கு அடித்துக்கொண்டே இருப்பது பயிற்சி இல்லை, பொழுதுபோக்கு. ஆட்டத்தில் இரண்டாவது வாய்ப்பு யார் தருகிறார்கள்? அளவெடுக்கும் மூன்று பந்து முடிந்ததும் இரண்டைப் பைக்குள் போட்டுவிடுங்கள்.

அடியின் முறை பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அதில் ஆயிரம் பாணி இருக்கிறது, எல்லாவற்றிலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். பிடியைத் தளர்த்துங்கள், அது ஒன்று. ஒரு முட்டையைக் கையில் வைத்திருந்தால் எப்படியோ அப்படி. கண் பந்துக்கு நேர் மேலே இருக்க வேண்டும், அல்லது இம்மி உள்ளே. இதைப் பார்க்க, அடிக்கும் நிலையில் நின்றபடி இன்னொரு பந்தை மூக்குத்தண்டிலிருந்து கீழே விடுங்கள், அது தரையில் இருக்கும் பந்தின் மேலேயே விழுந்தால் சரி, பந்துக்கு வெளியே விழுந்தால் நீங்கள் ரொம்பக் குனிந்து நிற்கிறீர்கள். பந்து நெஞ்சின் நடுவுக்கு ஓர் அங்குலம் இடப்பக்கம். மணிக்கட்டை மறந்துவிடுங்கள், தோள்தான் ஆட வேண்டும், இடுப்புக்குக் கீழே எதுவும் அசையக் கூடாது.

அப்புறம் தாளம். ஊஞ்சலைப் பாருங்கள், குழந்தையை மெல்லத் தள்ளினாலும் வேகமாகத் தள்ளினாலும் ஒரு ஆட்டத்துக்கு எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான், போய்வரும் தூரம்தான் மாறும். பட்டும் அப்படி. பின்னால் போகும்போது "ஒண்ணு", பந்தில் படும்போது "ரெண்டு". மூன்றடிக்கும் முப்பது அடிக்கும் அதே ஒண்ணு, ரெண்டு. நம்மில் பாதிப் பேர் பட்டரை நீளமாகப் பின்னால் இழுத்துவிட்டு, பயந்துபோய்ப் பந்துக்குப் பக்கத்தில் பிரேக் போடுகிறோம். அந்த நொடியில் பட்டரின் முகம் (பந்தில் படும் பக்கம்) திரும்பிவிடும், தூரமும் செத்துவிடும். பின்னால் குறைவாக இழுங்கள், முன்னால் தயங்காமல் விடுங்கள்.

முகம் என்றேனே, அதுதான் கோட்டின் விஷயம். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதை ஏறக்குறைய முழுசாக முடிவு செய்வது, பந்தில் படும் நொடியில் பட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். பட்டர் வந்த பாதை அதில் சின்னப் பங்குதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்தடிப் பட்டில் முகம் ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தால், குழியருகே போகும்போது பந்து நடுவிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும். குழியின் நடுவிலிருந்து விளிம்புக்கே ஐந்து சொச்சம்தான். அதாவது ஒரு பாகைக்கு மேல் பிசகினால் நேரான பத்தடிப் பட்டும் கிடையாது.

இதற்கு மைதானமே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேல் வாங்குங்கள், மூன்று சென்டிமீட்டர் அகலம் இருக்கும். தரையில் விரித்த ஜமக்காளத்தின் மேல் அதை வையுங்கள் (வெறும் மொசைக்கிலோ கிரானைட்டிலோ வேண்டாம், அங்கே பந்து எதிர்வீடு வரை போகும்). ஒரு முனையில் பந்தை வைத்து, மறுமுனை வழியாகவே அது இறங்குகிற மாதிரி அடியுங்கள். நடுவில் ஓரமாக நழுவி விழுந்தால் முகம் திரும்பியிருக்கிறது. கடைசி வரை போய் இறங்கினால் நீங்கள் ஒரு பாகைக்குள் இருக்கிறீர்கள், அதே அடி பத்தடிக் குழியில் விழும். முதல் நாள் நான் இருபதில் ஏழு போட்டேன். தவறியவை எல்லாம் வலது பக்கம் நழுவின, அதனால் முகம் திறந்தே, அதாவது வலப்பக்கம் பார்த்தே, வருகிறது என்று தெரிந்தது. வலது கை தேவையில்லாமல் இறுக்குவதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. தினம் பத்து நிமிஷம், காபி ஆறுவதற்குள்.

ஸ்கேல் அலுத்துவிட்டால் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து வாயை நோக்கி அடியுங்கள். டம்ளர் வாய் குழியைவிடச் சின்னது, அதில் பழகிய கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை குழி வாளி மாதிரித் தெரியும். சத்தத்துக்கு வீட்டில் திட்டு விழும், அதற்கு நான் பொறுப்பில்லை.

குட்டைப் பட்டுக்கு வருவோம். மூன்றடிதானே என்று நினைக்கும் இடத்தில்தான் அசிங்கப்படுவோம். 2016 மாஸ்டர்ஸ் போட்டியில், மேஜர் எனப்படும் பெரும் போட்டிகளில் நான்கு பட்டம் வென்ற எர்னி எல்ஸ், முதல் நாள் முதல் குழியிலேயே சுமார் மூன்றடியிலிருந்து ஆறு பட் அடித்தார். பார் 4 குழிக்கு 9. அவருக்கே அப்படி என்றால் நமக்கு வெட்கம் எதற்கு? ஜெர்மன் ஆட்டக்காரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் கை உதறும் யிப்ஸ் நோயோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, பிடியை மாற்றி மாற்றிப் பார்த்து, அதற்கு நடுவே இரண்டு மாஸ்டர்ஸ் ஜெயித்தார். கை நடுங்குகிறதா, இடது கையைக் கீழே, வலது கையை மேலே வைத்துப் பாருங்கள். பழைய கெட்ட பழக்கங்கள் எதுவும் அந்தப் பிடியில் இன்னும் குடியேறியிருக்காது.

பயிற்சி என்றால், பட்டர் தலையைவிட விரற்கடை அகலமாக இரண்டு டீயை (பந்தை ஏற்றி வைக்கும் சின்னக் குச்சி) தரையில் குத்தி, அதற்கு நடுவே அடிப்பது. டைகர் உட்ஸ் பல வருஷமாகச் செய்வது இதுதான். நடுவில் தட்டாமல் பட்டர் போய்வந்தால் பந்து பட்டரின் மையத்தில் படுகிறது என்று அர்த்தம். அடுத்து குழியைச் சுற்றி மூன்றடியில் எட்டுப் பந்து, எட்டும் விழும் வரை. ஏழாவது தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. எட்டாவது பந்துக்கு முன்னால் வயிற்றில் ஏதோ பிசையும் பாருங்கள், அந்தப் பிசைவுக்காகத்தான் இந்தப் பயிற்சியே.

இனி சரிவைப் படிப்பது. எளிய கேள்வி: குழியருகே ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் அது எந்தப் பக்கம் ஓடும்? கிரீனைக் கட்டும்போதே மழைத்தண்ணீர் தேங்காமல் வடிவதற்கு வழி வைத்துத்தான் கட்டுவார்கள், அந்த வழியே சரிவு. ஐப்பசி மழை நின்ற உடனே ஒரு தரம் போய்ச் சும்மா சுற்றிப் பாருங்கள், ஒரு வருஷத்துக்குக் கற்றுக்கொள்ள வேண்டியதை அரைமணியில் காட்டிவிடும். பந்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பார்ப்பதோடு நிறுத்தாமல், பட்டின் தாழ்ந்த பக்கமாக நடந்து போங்கள், சரிவு அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். பாதமும் சொல்லும், எந்தக் கால் தாழ நிற்கிறது என்று கண்ணை மூடி நின்றால் தெரிந்துவிடும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலையில் ஆடும்போது மட்டும் கண்ணை நம்பாதீர்கள். மலை முழுவதுமே சாய்ந்திருப்பதால் சமமாகத் தெரிவது உண்மையில் பள்ளத்தாக்குப் பக்கம் சரிந்திருக்கும். அங்கே உள்ளூர் கேடி சொல்வதுதான் வேதம்.

பந்து வேகமாகப் போகும் முதல் பாதியில் சரிவு அதை அதிகம் ஒன்றும் செய்யாது, வேகம் செத்து வரும் கடைசி ஆறேழு அடியில்தான் இழுத்துக்கொண்டு போகும். அதனால் குழியைச் சுற்றியுள்ள சரிவைப் பார்த்தால் போதும், பந்தின் காலடியில் இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இன்னொன்று, நாம் எல்லோரும் வளைவைக் குறைத்தே கணிக்கிறோம். நம்பாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் தவறவிடும் பட் எல்லாம் குழியின் மேல்பக்கம் போகிறதா கீழ்ப்பக்கம் போகிறதா என்று குறித்துப் பாருங்கள். எனக்குப் பத்தில் எட்டு கீழ்ப்பக்கம். கீழே போன பந்து குழியை விட்டு விலகிக்கொண்டே போகும், விழ வாய்ப்பே இல்லை. மேலே போன பந்து கடைசி நொடி வரை குழியை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும்.

புல்லையும் பார்க்க வேண்டும். வெயில் ஊர் கிரீன்களில் பெரும்பாலும் இருப்பது பெர்முடா வகைப் புல். பேரைக் கேட்டு மிரள வேண்டாம், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான், அதன் ஒட்டு ரகங்கள். அருகு எப்படி ஒரு பக்கமாகப் படர்ந்து போகும் என்று தெரியுமல்லவா, கிரீனிலும் அப்படித்தான் ஒரு திசையில் படுக்கும். பந்திலிருந்து குழியைப் பார்க்கும்போது புல் பளபளவென்று வெளிறித் தெரிந்தால் அது உங்களுக்கு அப்பால் படுத்திருக்கிறது, பந்து கூடுதலாக ஓடும். கறுத்துத் தெரிந்தால் எதிராகப் படுத்திருக்கிறது, ஓங்கித்தான் அடிக்க வேண்டும். சந்தேகமா, குழியின் விளிம்பைக் குனிந்து பாருங்கள். வட்டத்தில் ஒரு பக்கம் சுத்தமாக வெட்டியது போலவும், எதிர்ப்பக்கம் வேர் அறுந்து பழுத்துப் பிய்ந்தும் இருக்கும். பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் புல் வளர்கிறது.

பட்டர் வாங்குவது பற்றிக் கேட்பீர்கள். அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 மார்ச்சில் மெல்லிய பிளேடை விட்டுப் பெரிய தலை உள்ள மேலட்டுக்கு மாறிய அதே வாரம் ஜெயித்தார், அதனால் எல்லோரும் மேலட் வாங்கினார்கள். அவர் மாறியது பயிற்சியாளரோடு உட்கார்ந்து யோசித்து. நீங்கள் மாறுவதாக இருந்தால் நிறத்தையும் பேரையும் விட்டு நீளத்தைப் பாருங்கள். கடையில் தருவது 34, 35 அங்குலம், நம் உயரத்துக்கு அது பலருக்கு அதிகம், கை மடங்கிக்கொண்டு நிற்பார்கள். ஓர் அங்குலம் வெட்டிக் கிரிப் மாற்றினால் நான் சொன்ன மூக்குத்தண்டுப் பரீட்சையில் தேறிவிடலாம். செலவும் குறைவு.

விதி விஷயத்தில் இரண்டே வார்த்தை. 2019 முதல் கொடிக்கம்பை எடுக்காமலே பட் அடிக்கலாம், தண்டனை கிடையாது. இறக்கத்தில் அடிக்கும்போது நான் விட்டுவிடுவேன், கம்பில் பட்டாவது நிற்கட்டும். பட்டின் வழியில் ஷூ ஆணி கீறிய தடத்தையும் இப்போது அமுக்கிச் சரிசெய்யலாம். பழைய ஆட்கள் இன்னும் கூடாது என்று சண்டைக்கு வருவார்கள்.

இதையெல்லாம் ஆறேழு மாதம் செய்தேன், ஒழுங்காக என்று சொல்ல முடியாது, வாரத்தில் நாலு நாள் ஸ்கேல், ஞாயிறு காலை இருபது நிமிஷம் தப்படி அளவு. போன மாதம் மறுபடி எண்ணியபோது 35 வந்தது, மூன்று-பட் இரண்டே இரண்டு. கார்டைக் கொண்டுபோய்க் கேடி அண்ணனிடம் பெருமையாக நீட்டினேன். பொறுமையாக மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "நல்லா இருக்கு சார். மணல் பங்கர்ல ஆறு அடிச்சிருக்கீங்களே, அத எப்ப பாக்கலாம்?" என்றார்.